பட்டமின்றித் திறந்த வாசல்கள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்த வேளையில், கூலி வேலை செய்து பிழைக்கும் ஒரு தாய் தம் மகளை அழைத்துக்கொண்டு நமது பங்குப் பணிமனைக்கு வந்தார். மகள் பன்னிரண்டாம் வகுப்பில் தேறியிருந்தாள். கல்லூரிக்கு அனுப்ப வீட்டில் வழியில்லை. "சாமி, டவுன்ல நர்சு வேலைக்குச் சொல்லிக் குடுக்கிறாங்களாம். காலேசுக்குப் போகத் தேவையில்லையாம். நீங்க ஒரு கடுதாசி குடுத்தா பீசுல கொஞ்சம் குறைப்பாங்களாம்" என்றார் அந்தத் தாய். நோயாளருக்குப் பணி செய்ய நம் பங்கிலிருந்து ஒரு பெண் முன்வருகிறாள் என்ற மகிழ்ச்சியில், மேற்கொண்டு எதனையும் விசாரியாமல் நாம் கடிதம் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தோம்.

ஒன்றரை ஆண்டு கழித்து அதே பெண் ஒரு சான்றிதழோடு வந்து நின்றாள். பொன்னிற எழுத்துக்கள், பெரியதொரு முத்திரை. ஆயினும் அவள் சென்ற எந்த மருத்துவமனையும் அதனை ஏற்கவில்லை. அந்தப் பயிற்சிக்குச் செவிலியர் பதிவேட்டில் இடமே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கட்டிய பணமும், அடகு வைத்த தோடும், இளமையின் ஒன்றரை ஆண்டும் போயின. அவள் நம்மைக் குறை கூறவில்லை. "நீங்க கையெழுத்துப் போட்டதாலதான் அம்மா நம்பிச்சு, சாமி" என்று மட்டும் சொன்னாள். அந்தச் சொல் இன்றுவரை நம் நெஞ்சைவிட்டு அகலவில்லை.

பல்கலைக்கழகப் படி ஏறாமல் மருத்துவப் பணிக்குச் செல்ல நேரான வழி உண்டா? உண்டெனில் அவ்வழியை அமைத்தவர் யாவர்? அதில் மெய் எது, போலி எது என்று அறிவது எங்ஙனம்? அப்பெண் சென்ற பிறகு, இக்கேள்விகளோடு வரலாற்று ஏடுகளைப் புரட்டத் தொடங்கினோம். கடந்த இரு நூற்றாண்டுகளில் நம் மக்களின் நோய்ப் படுக்கையருகே நின்றவர்களுள் மிகப் பலர் பல்கலைக்கழகப் பட்டம் பெறாதவர்களே என்ற உண்மை அங்கே தெரிய வந்தது. யாழ்ப்பாணத்து மானிப்பாய், தமிழகத்து வேலூர், ஆந்திரத்துக் குண்டூர் ஆகிய மூன்று ஊர்களின் வழியே அந்த வரலாற்றை வாசக அன்பர்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விழைகின்றோம்.

மருத்துவச்சியின் நிலை

மருத்துவமனைகள் தோன்றுமுன் நம் ஊர்களில் பிள்ளைப்பேறு பார்த்தவர் மருத்துவச்சி. பெரும்பாலும் முடிதிருத்தும் குலத்தைச் சேர்ந்த பெண். தாயிடமோ மாமியாரிடமோ கூட நின்று கற்றவர். ஏடு படித்தவர் அல்லர். ஆனால் வயிற்றைத் தொட்டுப் பார்த்தே குழந்தையின் கிடையை அறியும் விரல்கள் அவருக்கு இருந்தன. கண்ணுக்குத் தெரியாத கிருமிகளைப் பற்றி அவர் அறிந்திருக்கவில்லை. அதனால் காப்பாற்றிய உயிர்களோடு இழந்த உயிர்களும் உண்டு என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் அவரை ஊர் நடத்திய விதம் நம்மை நாண வைப்பதாகும். நள்ளிரவில் ஓடிச் சென்று அழைத்தவர்களே, பிள்ளை பிறந்த பிறகு அவரைத் தீட்டு என்று வாசலுக்கு வெளியே நிறுத்தினார்கள். இரத்தத்தையும் சீழையும் தொடும் வேலை இழிந்த வேலை என்ற எண்ணம் சாதியோடு சேர்ந்து வேரூன்றியிருந்தது. பின்னாளில் செவிலியர் பணி தோன்றியபோது, மதிப்புடைய குடும்பங்கள் தம் பெண்களை அதற்கு அனுப்பத் தயங்கியதற்கு இதுவே காரணம். முதலில் முன்வந்தவர்கள் ஆங்கிலோ-இந்தியப் பெண்களும் கிறிஸ்தவப் பெண்களும் விதவையருமே.

மேலை நாட்டிலும் நிலைமை பெரிதும் வேறாக இருந்ததில்லை. 17ஆம் நூற்றாண்டில் பாரிசு நகருக்கு அருகே மாடு மேய்த்துக்கொண்டிருந்த மார்கரீத் நாசோ என்னும் ஏழைப் பெண், வழிப்போக்கரிடம் ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டு வாசிக்கக் கற்றார். பின்னர்ப் புனித வின்சென்ட் தெ பவுலிடம் வந்து ஏழை நோயாளருக்குப் பணி செய்தார். கொள்ளைநோய் கண்ட ஒரு பெண்ணுக்குத் தம் படுக்கையில் இடம் கொடுத்து, அந்நோயாலேயே 1633இல் இறந்தார். அதே ஆண்டில்தான் புனித லூயிசா தெ மரிலாக்கும் புனித வின்சென்டும் பிறரன்பின் புதல்வியர் சபையைத் தொடங்கினர். கல்வியறிவில்லாத நாட்டுப்புறப் பெண்ணையும் பயிற்றுவித்தால் அவர் நோயாளரைக் காக்க வல்லவர் என்பதை உலகுக்குக் காட்டிய சபை அது. 1860இல் இலண்டன் புனித தோமையார் மருத்துவமனையில் புளோரன்ஸ் நைட்டிங்கேல் தொடங்கிய செவிலியர் பள்ளி இந்த எண்ணத்திற்கு ஒழுங்கான வடிவம் தந்தது. அங்கே மருத்துவமனையே பள்ளிக்கூடம். நோயாளர் கூடமே வகுப்பறை. பயிற்சிக் காலம் ஓராண்டு. பல்கலைக்கழகத்திற்கு அதில் எந்த இடமும் இல்லை.

மானிப்பாய்: தாய்மொழியில் மருத்துவம்

1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்திற்கு வந்தார் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த அவர் அடுத்த ஆண்டு மானிப்பாயில் மருத்துவப் பணியைத் தொடங்கியதோடு, உள்ளூர் இளைஞர் சிலரைத் தம்முடன் வைத்து மருத்துவம் கற்பிக்கவும் முனைந்தார். மாணவர்கள் காலையில் நோயாளரைப் பார்த்தார்கள், மருந்து கலந்தார்கள், புண்ணுக்குக் கட்டுப் போட்டார்கள், பிறகு பாடம் படித்தார்கள்.

தொடக்கத்தில் பாடம் ஆங்கிலத்தில் நடந்தது. ஆங்கிலத்தில் கற்றவர்கள் அரசு வேலையை நாடி வெளியூர்களுக்குச் செல்வதைக் கிறீன் கண்டார். கிராமத்து நோயாளருக்குக் கிராமத்திலேயே மருத்துவர் வேண்டும். அதற்கு மருத்துவம் தமிழில் கற்பிக்கப்பட வேண்டும் என்று முடிவு செய்தார். 1864இல் தமிழ் வழி வகுப்பு தொடங்கியது. பாடநூல் இல்லாத குறையைத் தாமே நீக்கினார். உடற்கூறு, பிரசவ வைத்தியம், இரண வைத்தியம் ஆகிய துறைகளின் ஆங்கில நூல்களைத் தம் மாணவர்களின் துணையோடு தமிழில் பெயர்த்தார்; கலைச்சொற்களைத் தேடித் தொகுத்தார். 1873இல் உடல்நலம் குன்றித் தாயகம் திரும்பும் வரையில், அறுபதுக்கு மேற்பட்ட மருத்துவர்களை அவர் உருவாக்கினார். தாயகம் சென்ற பிறகும் 1884இல் இறக்கும் வரை தமிழ் நூல் பணியை விடவில்லை.

இவர்களில் எவரும் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றதில்லை. ஆயினும் இவர்களை அரைகுறை என்று சொல்ல யாருக்கும் துணிவு வராது. உடலின் உறுப்புகளைப் பற்றியும் மருந்தின் அளவைப் பற்றியும் அவர்கள் கற்றது, அக்காலத்து மேலை நாட்டு மாணவர் கற்ற அதே நூல்களிலிருந்துதான். வேறுபாடு மொழியில் மட்டுமே இருந்தது. படிப்பைக் குறைத்து ஏழைக்குக் கொடுக்கவில்லை கிறீன். முழுப் படிப்பையும் ஏழைக்கு எட்டும் இடத்தில் வைத்தார். குறைத்துக் கொடுப்பதற்கும் எட்டும்படி வைப்பதற்கும் உள்ள வேறுபாடு நம் கட்டுரை முழுவதற்கும் தேவைப்படும்.

வேலூர்: பின்தொடர்ந்து வந்த வாசல்

சென்னை மாகாணத்திலும் இதே காலத்தில் பட்டமில்லா வழிகள் தோன்றின. 1835இல் சென்னையில் தொடங்கப்பட்ட மருத்துவப் பள்ளி, உதவி நிலை மருத்துவப் பணியாளரைப் பயிற்றுவிப்பதற்காக எழுந்ததேயாகும். மருந்து கலக்கும் கம்பவுண்டர், புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரஸ்ஸர் ஆகியோர் நம் தாத்தாக்களின் நினைவில் டாக்டருக்கு அடுத்தபடியாக நின்றவர்கள். 1844இல் எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை எழுந்தது. 1871இல் சென்னைப் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிக்குத் திட்டமிடப்பட்டது.

எனினும் பெண்களுக்கு இவ்வழி பரவலாகத் திறந்த வரலாற்றைக் காண வேலூருக்குத்தான் செல்ல வேண்டும். இராணிப்பேட்டையில் 1870இல் பிறந்தவர் ஐடா ஸ்கடர். திண்டிவனத்தில் இளம் பெண்ணாக அவர் தங்கியிருந்தபோது, ஒரே இரவில் மூன்று ஆண்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து, பிள்ளைப்பேற்றில் துன்புறும் தம் மனைவியரைக் காக்க வருமாறு அவரை வேண்டினர். மருத்துவரான அவருடைய தந்தையை அழைத்துச் செல்ல அவர்கள் இசையவில்லை. ஆண் மருத்துவர் தொடுவதை அவர்கள் வழக்கம் ஏற்கவில்லை. மூன்று பெண்களும் இறந்தனர். அந்த இரவு அவரை மருத்துவம் படிக்க அனுப்பியது என்பது பலரும் அறிந்த செய்தி.

அதன்பின் நடந்தது அந்த அளவிற்கு அறியப்படவில்லை. 1899இல் அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்றுத் திரும்பிய ஐடா, 1900இல் வேலூரில் ஒரே படுக்கையோடு பணியைத் தொடங்கினார். 1902இல் நாற்பது படுக்கைகள் கொண்ட மருத்துவமனை எழுந்தது. ஒரு மருத்துவர் எவ்வளவுதான் உழைத்தாலும் கிராமத்துப் பெண்கள் அனைவரையும் எட்ட முடியாது என்பதை அவர் விரைவில் உணர்ந்தார். எனவே 1909இல் செவிலியர் பள்ளி தொடங்கியது. அதற்கடுத்து 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி எழுந்தது.

இப்பள்ளி தந்தது எம்.பி.பி.எஸ். பட்டம் அன்று. எல்.எம்.பி. என்று அழைக்கப்பட்ட லைசென்ஷியேட் டிப்ளமாவே அது. பல்கலைக்கழகம் அதனை வழங்கவில்லை. அரசின் தேர்வு முறையே வழங்கியது. கல்லூரிப் படிப்பை நாட முடியாத பெண், பள்ளிப் படிப்பின் பலத்தோடு மருத்துவராகும் வாசல் அது. ஆண்களுக்கான இத்தகைய பள்ளி சென்னை இராயபுரத்தில் முன்பே இருந்தது. பிற்காலத்தில் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது அதுவே. வேலூரின் முதல் அணி 1922இல் படிப்பை முடித்து வெளியேறியது. அப்பெண்கள் மிஷன் மருத்துவமனைகளுக்கும் சிற்றூர்களுக்கும் சென்றனர். ஐடா கண்ட அந்த இரவுக்கு அவர்களே விடையாயினர்.

குண்டூர்: துறவியரின் தடையும் விடுதலையும்

இந்தப் பணியில் கத்தோலிக்கத் திருச்சபை சற்றுப் பின்தங்கியே வந்தது என்பதை நாம் நேர்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும். நோயாளரைப் பேணுவதில் நம் அருட்சகோதரியர் முன்னணியில் நின்றனர். ஆனால் துறவியர் மருத்துவம் பார்ப்பதற்கும், சிறப்பாகப் பிள்ளைப்பேறு பார்ப்பதற்கும் திருச்சபைச் சட்டமும் மரபும் தடையாக இருந்தன. துறவற வாழ்வின் தூய்மையைக் காக்கும் நோக்கத்தோடு அமைந்த தடைதான் அது. ஆயினும் ஆண் மருத்துவரை அணுக முடியாத இந்தியப் பெண்களுக்கு அதன் விளைவு கொடிதாக இருந்தது.

ஸ்காட்லாந்து நாட்டு மருத்துவர் ஆக்னஸ் மெக்லாரன் தம் முதிய வயதில் கத்தோலிக்கராகி, இராவல்பிண்டியில் பெண்களுக்கென மருத்துவமனை எழக் காரணராக இருந்தவர். இத்தடையை நீக்குமாறு உரோமையைப் பலமுறை வேண்டிய அவர் 1913இல் இறந்தார், தடை நீங்கவில்லை. ஆனால் அவரைப் பற்றிய ஒரு சிறு வெளியீடு ஆஸ்திரேலியாவில் மேரி குளோரி என்னும் பெண் மருத்துவரின் கைக்குச் சென்றது. அவர் தம் மருத்துவத் தொழிலை விட்டு 1920இல் குண்டூருக்கு வந்து, இயேசு மரி சூசை சபையில் துறவியானார். திருத்தந்தை 15ஆம் பெனடிக்டின் சிறப்பு அனுமதியோடு துறவியாகவே மருத்துவம் பார்த்தார்.

மேரி குளோரி தாம் மட்டும் மருத்துவம் பார்ப்பதோடு நிறைவு கொள்ளவில்லை. உள்ளூர்ப் பெண்களை மருந்து கலப்பவர்களாகவும் மருத்துவச்சியராகவும் செவிலியராகவும் பயிற்றுவித்தார். தம்மிடம் பட்டம் இருந்தும், பட்டம் பெற இயலாதவரைத் தம் பணியில் பங்காளிகளாக்கினார். 1936இல் மறைபரப்புப் பேராயம் துறவியருக்கு இருந்த தடையை நீக்கியது. அவ்வாறு நீக்கியபோது, இப்பணியில் இறங்கும் அருட்சகோதரியர் மருத்துவராகவோ செவிலியராகவோ முறையான சான்றிதழ் பெற வேண்டும் என்றும் அறிவுறுத்தியது. அன்பு மட்டும் போதாது, பயிற்சியும் வேண்டும் என்று திருச்சபையே சொன்ன இடம் இது. 1943இல் மேரி குளோரியின் முயற்சியால் இந்தியக் கத்தோலிக்க மருத்துவமனைகளின் கூட்டமைப்பு தோன்றியது. அவர் 1957இல் இறந்தார்.

மருந்து கலப்பவரைப் பணியில் பங்காளியாகக் காண்பது திருமறைக்குப் புதிதன்று. சீராக்கின் ஞான நூல், 38ஆம் அதிகாரத்தில் மருத்துவரைப் போற்றும்போது, மருந்து கலப்பவரையும் மறவாமல் சேர்த்தே பேசுகிறது. இறைவனின் நலமளிக்கும் பணியில் இருவருக்கும் இடம் உண்டு என்பதே அதன் கருத்து.

வாசல் மூடப்பட்டபோது

இனி இவ்வரலாற்றின் கடினமான பகுதிக்கு வருகின்றோம். 1930களின் இறுதியில் சென்னை மாகாண அரசு, மருத்துவக் கல்வி முழுவதும் பல்கலைக்கழகப் பட்டமாகவே இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, லைசென்ஷியேட் படிப்பை நிறுத்த முனைந்தது. இராயபுரத்துப் பள்ளி 1938இல் கல்லூரியானது. வேலூருக்கு இது பேரிடியாக இறங்கியது. பட்டப் படிப்புக்கு வேண்டிய பேராசிரியர்களும் படுக்கைகளும் ஆய்வகங்களும் அங்கே இல்லை. எழுபது வயதைத் தாண்டிய ஐடா நிதி திரட்ட அமெரிக்கா சென்றார். 1942இல் வேலூர் பட்டப் படிப்பைத் தொடங்கியது. 1947இல் ஆண் மாணவரையும் சேர்த்துக்கொண்டது. கல்லூரி பிழைத்தது, ஆனால் பள்ளிப் படிப்போடு மருத்துவராகும் அந்தப் பழைய வாசல் மூடப்பட்டுவிட்டது.

நாடு முழுவதற்குமான கேள்வி போர் குழுவின் முன் வந்தது. 1943இல் அமைக்கப்பட்டு 1946இல் அறிக்கை அளித்த இக்குழு, சுதந்திர இந்தியாவின் மருத்துவத் துறைக்கு அடித்தளம் வகுத்தது. அன்று பிரிட்டிஷ் இந்தியாவில் பதிவு பெற்றிருந்த மருத்துவர் 47,524 பேர். அவர்களுள் பட்டதாரிகள் 17,654 பேர். லைசென்ஷியேட்டுகள் 29,870 பேர். அதாவது, ஐவரில் மூவர் பல்கலைக்கழகப் பட்டம் பெறாதவர். அவர்களைக் கொண்டே நாடு நோயைத் தாங்கிக்கொண்டிருந்தது. ஆயினும், இனி ஒரே தரமுடைய ஒரே வகை மருத்துவர் மட்டுமே போதும் என்று குழுவின் பெரும்பான்மையினர் முடிவு செய்தனர். உறுப்பினர் சிலர் உடன்படாமல், மருத்துவர் பற்றாக்குறை உள்ள நாட்டில் இவ்வாசலை மூடுவது கிராமங்களுக்குக் கேடாகும் என்று மாற்றுக் கருத்து எழுதினர்.

யார் சொன்னது சரி? இரு தரப்பிலும் நியாயம் இருக்கின்றது. ஏழைக்கு ஒரு தர மருத்துவர், செல்வருக்கு வேறு தர மருத்துவர் என்ற நிலை நீதிக்குப் புறம்பானது. அதனை நீக்க வேண்டும் என்று எண்ணியவர்களைக் குறை கூற இயலாது. லைசென்ஷியேட்டுகளே தாங்கள் இரண்டாந்தரமாக நடத்தப்படுவதைக் குறித்து வருந்தியவர்கள்தாம். மறுபக்கம், பட்டதாரி மருத்துவர் நகரத்தை விட்டு வரத் தயங்கினார் என்பதைப் பின்வந்த ஆண்டுகள் காட்டின. தரம் உயர்ந்தது, தொலைவும் உயர்ந்தது. எனவே வாசல் மூடப்பட்டது தவறு என்று சொல்வதைவிட, மூடிய வாசலுக்கு ஈடாக வேறு வாசல்கள் போதிய அளவில் உடனே திறக்கப்படவில்லை என்று சொல்வதே பொருந்தும்.

மீண்டும் திறந்த வழிகள்

மருத்துவராவதற்கான வழி பல்கலைக்கழகத்தோடு இணைந்துவிட்ட பிறகும், மற்றப் பணிகளுக்கான வழிகள் அதற்கு வெளியே நின்றன. சென்னை மாகாணத்தில் 1926ஆம் ஆண்டுச் சட்டம் செவிலியரையும் மருத்துவச்சியரையும் பதிவு செய்ய மன்றம் ஒன்றை அமைத்தது. 1948ஆம் ஆண்டு மருந்தியல் சட்டம், பழைய கம்பவுண்டரின் இடத்தில் முறையாகப் பயின்று பதிவு பெற்ற மருந்தாளுநரைக் கொண்டுவந்தது. 1951இல் பஞ்சாபில் தரண் தாரண் நகரின் புனித மரியா மருத்துவமனையில் துணைச் செவிலிய மருத்துவச்சியருக்கான இரண்டாண்டுப் பயிற்சி தொடங்கியது. ஏ.என்.எம். என்று நாம் அழைக்கும் பயிற்சி அதுவே. அந்தப் பயிற்சி பெற்றவரே தமிழகத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக, சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் துணை சுகாதார நிலையத்தில் அமர்ந்தார். தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வரப்பில் நடந்து செல்லும் அந்தச் சகோதரியை நம் ஊர்களில் அறியாதவர் இல்லை. பழைய மருத்துவச்சியின் இடத்தில் வந்தவர் அவர். ஆனால் அவரை யாரும் வாசலுக்கு வெளியே நிறுத்துவதில்லை. பயிற்சியும் பதிவும் அவருக்கு அந்த மதிப்பைப் பெற்றுத் தந்தன.

வேலூரில் படித்த ரஜனிகாந்த் அரோலே, மாபெல் அரோலே தம்பதியர் 1970இல் மகாராட்டிரத்து ஜாம்கெட்டில் தொடங்கிய பணியையும் இங்கே குறிப்பிட வேண்டும். அவர்கள் எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்களை, அவர்களுள் தீண்டாமையால் ஒதுக்கப்பட்ட பெண்களையும், நலப்பணியாளராகப் பயிற்றுவித்தனர். குழந்தையை எடை பார்ப்பது, கருவுற்ற தாயைக் கவனிப்பது, வயிற்றுப்போக்குக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் கொடுப்பது, எந்த நோயாளரை மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்று அறிவது ஆகியவற்றைத் திரும்பத் திரும்பக் கற்பித்தனர். 1979இல் அவ்விருவருக்கும் மகசேசே விருது கிடைத்தது. பட்டம் பெற்றவர் தம் அறிவைப் பூட்டி வைக்காமல் பங்கிட்டால் என்ன நிகழும் என்பதற்கு ஜாம்கெட் சான்று. தமிழகத்தில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும், மகளிர் குழுக்களைச் சேர்ந்த பெண்கள் வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்க்கின்றனர்.

நாம் கேட்கத் தவறிய கேள்விகள்

இந்த வரலாற்றிலிருந்து நாம் அறிவது யாது? மானிப்பாயிலும் வேலூரிலும் குண்டூரிலும் திறந்த வாசல்களுக்குப் பொதுவான மூன்று அடையாளங்கள் உண்டு. முதலாவது, கற்றவர் நோயாளரின் படுக்கையருகே கற்றார். இரண்டாவது, கற்பித்தவருக்குப் புறம்பான, நேர்மையான ஒருவர் தேர்வு வைத்து, பெயரைப் பதிவேட்டில் ஏற்றினார். கிறீன் காலத்தில் அத்தகைய மன்றங்கள் இல்லை எனினும், அவர் கற்பித்த நூல்களின் தரமும் அவருடைய கண்டிப்பும் அக்குறையை ஈடு செய்தன. மூன்றாவது, கற்றவருக்குப் பணியில் ஓர் இடமும் அப்பணியில் ஒரு மதிப்பும் காத்திருந்தன. இம்மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அது வாசலன்று; வாசல் போல் சுவரில் தீட்டிய ஓவியமே.

நம்மிடம் வந்த பெண் சேர்ந்த இடத்தில் மூன்றுமே இல்லை. கடையின் மாடியில் இரண்டு அறைகள்; நோயாளர் படுக்கை ஒன்றுகூட இல்லை; அவர்களே கற்பித்து, அவர்களே தேர்வு வைத்து, அவர்களே சான்றிதழ் அச்சிட்டனர். இதனை அறிய நமக்கு ஒரு நாள் பேருந்துப் பயணம் போதுமாயிருந்தது. அந்த ஒரு நாளை நாம் கொடுக்கவில்லை.

எனவே பெற்றோருக்கும், நம்மைப் போன்ற பங்குப் பணியாளருக்கும் சிலவற்றைத் தெளிவாகச் சொல்ல விழைகின்றோம். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் பட்டப் படிப்பின்றிச் செல்லத்தக்க மெய்யான வழிகள் உள்ளன. இரண்டாண்டு ஏ.என்.எம். பயிற்சி, மூன்றாண்டு ஜி.என்.எம். டிப்ளமா, அறிவியல் பாடம் படித்தவருக்கு இரண்டாண்டு மருந்தாளுநர் டிப்ளமா ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. மருந்தாளுநர் படிப்பில் வகுப்பறைக்கு வெளியே 500 மணி நேரச் செய்முறைப் பயிற்சியும் அடங்கும். இவ்வழிகள் முட்டுச் சந்துகளும் அல்ல. ஏ.என்.எம். முடித்தவர் ஜி.என்.எம். சேரலாம், ஜி.என்.எம். முடித்தவர் பின்னர்ப் பட்டமும் பெறலாம். அன்றைய கம்பவுண்டருக்கு இல்லாத ஏணி இது.

சேருமுன் கேட்க வேண்டியவை இவை: இந்தப் பள்ளிக்குச் செவிலியர் மன்றத்தின் அல்லது மருந்தியல் மன்றத்தின் ஏற்பு உண்டா? தேர்வை நடத்துவது யார்? பயிற்சி எந்த மருத்துவமனையில், எத்தனை படுக்கைகளிடையே நடக்கிறது? படிப்பை முடித்தவரின் பெயர் மாநிலப் பதிவேட்டில் ஏறுமா? பள்ளி தரும் அச்சுத்தாளை நம்பாமல், மன்றத்திடமே நேரில் கேட்டறிவது நலம். ஆய்வகம், கதிர்வீச்சுப் படம் போன்ற துறைகளை முறைப்படுத்த 2021இலும், செவிலியர் துறைக்கு 2023இலும் நாடாளுமன்றம் புதிய சட்டங்களை இயற்றியிருப்பதால், சேரும் ஆண்டில் நடப்பிலுள்ள விதியைக் கேட்டுத் தெளிவது இன்னும் முதன்மையாகிறது. ஒவ்வொரு பங்குப் பேரவையிலும் மருத்துவமனைப் பணியில் உள்ள ஒருவரிடம் இப்பொறுப்பை ஒப்படைத்தால், எத்தனையோ குடும்பங்களின் கண்ணீரைத் தடுக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் இல்லங்களில் மகன் மருத்துவரானால் நன்றித் திருப்பலி ஒப்புக்கொடுக்கின்றோம், மகள் ஏ.என்.எம். ஆனால் உறவினரிடம் சொல்லத் தயங்குகின்றோம். மருத்துவச்சியை வாசலில் நிறுத்திய அந்தப் பழைய எண்ணம் இன்னும் நம்மைவிட்டு முற்றும் நீங்கவில்லை. ஆண்டவர் சொன்ன உவமையில், காயம்பட்டவனின் புண்ணில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் கட்டுப் போட்ட சமாரியரிடம் யாரும் பட்டம் கேட்கவில்லை. ஆனால் கட்டுப் போடும் முறையை அவர் அறிந்திருந்தார் என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

அந்தப் பெண்ணின் கதை அத்தோடு முடியவில்லை. இம்முறை நாமே உடன் சென்று விசாரித்து, ஏற்புப் பெற்ற ஒரு பள்ளியில் ஏ.என்.எம். பயிற்சிக்கு அவளைச் சேர்த்தோம். சென்ற கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு விடுமுறையில் வந்தவள், தான் கூட நின்று பார்த்த முதல் பிரசவத்தைப் பற்றித் தாயிடம் விடாமல் பேசிக்கொண்டிருந்தாள். அடகு வைத்த தோடு இன்னும் மீளவில்லை. அதனை நினைவில் வைத்துத்தான் இப்போது எந்தச் சிபாரிசுக் கடிதத்திலும் கையெழுத்திடுகின்றோம்.